காயாத சட்டை

போன ஐப்பசி மழையில், சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எதையும் வரிசைப்படுத்திச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

1. கல்யாணமான சில மாதங்களில் என் கணவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். கிளம்பும்முன் கழற்றிப் போட்ட நீலக் கட்டச் சட்டையை நான் துவைக்கவில்லை. அப்படியே மடித்து பீரோவில் வைத்தேன்.

2. மழை பிடித்தது. பீரோவுக்குள் பூசண வாடை. அவருடைய கல்யாண வேட்டியில் பச்சைப் புள்ளிகள்.

3. ஈரத்தை இழுக்கும் கால்சியம் குளோரைடு உப்பை வாங்கி, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, சட்டைக்கு மேல்தட்டில் வைத்தேன்.

4. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் சட்டை நனைந்திருந்தது. டப்பா நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் அதில் சேர்ந்திருந்த தண்ணீரைக் காணோம்.

5. அதற்குப் பிறகு அந்தச் சட்டை காயவே இல்லை.

நான் கடலூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சோதனைக்கு வரும் பொருள்களை ஈரம் தொடாமல் பாதுகாக்கும் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் இந்த உப்புதான் கிடக்கும். வெள்ளை வெள்ளையாக, உடைத்த கற்கண்டு போல இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்து, கடைசியில் அந்தத் தண்ணீரிலேயே தானும் கரைந்துவிடும். கப்பலில் போகும் சரக்குப் பெட்டிகளில் ஈரத்துக்காகத் தொங்கவிடுவார்கள். பனீர் செய்யும் பாலில்கூடத் துளி சேர்ப்பதுண்டு. ஆனால் ஈரக் கையால் அள்ளினால் சுடும். வெட்டுக்காயத்தில் பட்டால் எரிந்து புண்ணாகும். இரும்பை அரிக்கும், தோல் செருப்பைக் கெடுக்கும். இவ்வளவும் தெரிந்த நான் வீட்டில் மாமியாரிடம் சொன்னது, "அந்த டப்பாவத் தொடாதீங்க அத்தை" என்பது மட்டும்தான்.

தினமும் ரயிலில் நின்றபடி வந்து சேர்ந்ததும் முதலில் பீரோவைத் திறப்பேன். சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். வியர்வை, ஷேவிங் சோப்பு, கொஞ்சம் பெட்ரோல். பிறகுதான் கை கால் கழுவுவது. போனில் குரல் வரும், முகம் வரும், இந்த வாசனை வராது. நான் இப்படி முகர்வது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நனைந்த சட்டையைக் கொடியில் போட்டேன். ஃபேனுக்கடியில் போட்டேன். இஸ்திரி போட்டால் மொறமொறவென்று ஆகும், விடிந்தால் மறுபடி ஈரம்.

"நைட்டி காஞ்சிடுச்சி, பெட்ஷீட்டு காஞ்சிடுச்சி. இது மட்டும் என்னாம்மா இப்புடி ஊறிக்கிட்டே கெடக்கு? எம் புள்ள மாதிரியே வீம்பு ஜாஸ்தி" என்றார் அத்தை.

காரணம் எனக்குத் தெரியும். நூலுக்குள் போன உப்பு காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றினால்தான் காயும். அலசினால் என் கணவரின் வாசனையும் போய்விடும். அதனால் அலசாமல் தள்ளிப் போட்டேன்.

போனில் சொன்னபோது அவர் சிரித்தார். "ஒரு பழைய சட்டைக்கு இம்மாம் ஆராய்ச்சியா? இங்க நெறய கெடக்கு, பார்சல் உடவா?"

"துவைச்சு அனுப்பாதீங்க" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அத்தை பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அத்தை ரசம் ஊற்றும்போது கரண்டியைச் சட்டென்று இடது கைக்கு மாற்றினார். வலது கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து, அருவாமனை கீறிய இடங்களில் தோல் உரிந்திருந்தது.

"புளி கரைச்சேன், எரியுது."

"புளி இப்புடிப் பண்ணாது அத்தை. டப்பாவத் தொட்டீங்களா?"

"கை தட்டி சாஞ்சிடுச்சி. கையாலயே வழிச்சி உட்டேன். அந்த பீரோத் தட்டும் காய மாட்டேங்குது. நீ பாத்துடப் போறியேன்னு தெனம் தொடைக்கிறேன்."

"பீரோவுல என்ன எடுக்கப் போனீங்க?"

"சட்டையத்தான்."

"அது எதுக்கு?"

"நீ எதுக்கு எடுக்கிறியோ, அதுக்குத்தான்."

நான் ரயிலேறிய பிறகு அவர் எடுத்து, நான் மடித்த மடிப்பு கலையாமல் திரும்ப வைத்திருக்கிறார். அவர் கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிறு. வாளியில் தண்ணீர் பிடித்தேன்.

"நீ படிச்ச பொண்ணுதானே, வேற வழியே இல்லியா?"

"இல்ல அத்தை. இப்பவே ஈர வாடைதான் ஜாஸ்தி வருது."

சட்டையை அவரிடம் கொடுத்தேன். முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினேன். மழை விட்டுக் கொஞ்சம் வெயில் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் சட்டை காய்ந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன். துணி வாசனை மட்டும்தான்.

அத்தையின் கை ஆறிவிட்டது. டப்பாவை எடுத்துவிட்டேன். துருப்பிடித்த தட்டில் பேப்பர் விரித்திருக்கிறோம். என் கணவரின் லீவு இன்னும் முடிவாகவில்லை. சட்டையில் இப்போது ஒன்றும் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் பீரோவைத் திறக்கும்போது, சட்டையின் மடிப்பு மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். மாறியிருக்கிறது.