கடைசித் தவணைக்கு ஓடிய தையல்காரி

மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க, வீட்டிலேயே துணி தைக்கும் அவளுக்கு நான்கு வருடம் ஆயிற்று. கணவனின் சம்பளம் வந்ததும் முதலில் வாடகை, அடுத்தது தவணை. மிஞ்சியதில்தான் குடும்பம் நடந்தது. பிள்ளைகளுக்குச் சட்டையைக்கூட ஓர் அளவு பெரிதாகவே தைத்தாள். சிக்கனத்தை நான் சட்டென்று புகழ்வதில்லை. பல வீடுகளில் அது கருமித்தனத்தின் மறுபெயர். ஆனால் மாமியாரின் மாத்திரைக் காசில் இவள் ஒருநாளும் கை வைத்ததில்லை.

கடைசித் தவணையை அன்று கட்டாவிட்டால் இன்னொரு மாத வட்டி ஏறிவிடும். தையல் கூலி கைக்கு வந்தபோது கடன் அலுவலகம் மூடக் கால் மணி நேரமே இருந்தது. கணவனும் மனைவியும் தெருவில் ஓட்டமெடுத்தார்கள்.

“செருப்பு பிஞ்சிடுச்சுடி!”

“கையில எடுத்துக்கிட்டு ஓடி வாங்க! வட்டி நமக்காக நிக்குமா?”

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் அவள் குனிந்து நுழைந்தாள். காசாளர் பணத்தை எண்ணி, கடன் தீர்ந்ததென்று முத்திரை குத்தினார்.

“ஒழுங்கா கட்டினீங்கக்கா. புதுசா ஒரு கடன் போட்டுடலாமா?”

“ஐயோ சாமி, ஆளை விடுங்க!”

“சரி, போயிட்டு வாங்க.”

எங்கிருந்து கிளம்பினாலும் ‘போயிட்டு வரேன்’ என்றே சொல்லிப் பழகிய நாக்கு அது. ‘போயிட்டு’ வரை வந்துவிட்ட சொல்லை அவள் சட்டென்று விழுங்கினாள்.

“போறேன் தம்பி. வரேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்!”

காசாளர் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடியே கழன்று மேசையில் விழுந்தது.