கடிகாரத்தைப் பார்த்த தாய்

"வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது?" என்று நரம்பு டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டபோது, தையல்காரிக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "லாங் டைம், சார்." தமிழ் தெரியாத டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு மாத்திரையைக் கூட்டினார். அன்றிலிருந்து, ஓரிடத்தில் நில்லாத அவள் மகள் குருவி, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தாள்.

அந்த இரண்டு வார்த்தைகள் பெற்றவள் நெஞ்சில் ஊசியாய்த் தைத்தன.

கால்சட்டையைச் சிறிதாக்க வந்த ஆங்கில டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் பொறுமையாகச் சொன்னாள்: "தொடங்கின மணிக்கு 'அட்' போடுங்க. எவ்வளவு நேரம்னா 'ஃபார்'. நாலே முக்காலை இங்கிலீஷ்ல அஞ்சுக்குக் கால்மணி பாக்கின்னு சொல்லுவாங்க. குவாட்டர் டு ஃபைவ்."

துணியில் கோடு போடும் சாக்பீஸால் அதைச் சுவரில் எழுதி, மிஷினை மிதித்தபடியே சொல்லிப் பழகினாள்.

"என்ன அண்ணி, கடிகாரத்துக்கு மாமியார் ஆயிட்டீங்களா? நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குக் கேக்கறீங்க!" என்றாள் நாத்தனார்.

"சிரி, நல்லாச் சிரி. டாக்டர்கிட்ட நீயா வந்து பேசப்போறே?"

ஒரு மாலை குருவி கண் செருகிச் சரிந்தாள். முன்பெல்லாம் மகளைக் கட்டிக்கொண்டு கதறுவாள். இன்று ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்தாள். பிறகு, மகள் முகத்திலிருந்து கண்களைப் பிடுங்கிச் சுவர்க் கடிகாரத்தில் பதித்தாள். மணி நாலே முக்கால்.

"பிள்ளை துடிக்குது, நீங்க மணி பாக்கறீங்களே! உங்களுக்கு என்ன கல்நெஞ்சா?" என்று நாத்தனார் கத்தினாள்.

"வாயை மூடு. முள்ளு ஓடுது."

ஒரு யுகம் கழிந்தது. முள் காட்டியதோ இரண்டே நிமிடம்.

அடுத்த வலிப்புக்கும் பார்த்தாள். அதுவும் இரண்டுதான்.

டாக்டர் முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இட் ஸ்டார்ட்டட் அட் குவாட்டர் டு ஃபைவ், சார். இட் லாஸ்டட் ஃபார் டூ மினிட்ஸ்." அடுத்ததையும் அதே போலச் சொன்னாள்.

டாக்டரின் பேனா நின்றது. நிச்சயமா என்று கேட்டார்.

"ஐ லுக்ட் அட் த கிளாக், சார்." குரல்தான் உடைந்தது, சொல் உடையவில்லை.

அவர் பழைய பக்கத்தைப் புரட்டி ஒரு வரியை அடித்தார். மாத்திரையைக் குறைத்தார்.

சில நாள் கழித்து, குருவி தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, இன்னும் கொஞ்சம் போடு. அத்தை தட்டுல மட்டும் நிறைய வச்சிருக்கே!"

தையல்காரி கரண்டியைப் பிடித்தபடியே அழுதாள். எவ்வளவு நேரம் என்று அவளும் பார்க்கவில்லை, நாத்தனாரும் கேட்கவில்லை.