பூட்டிய வீட்டு வாசலில் மாமாவின் செருப்பு

பேய், பிசாசு, கண்ணேறு, எலுமிச்சம்பழம் எதுவும் என்னிடம் எடுபடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள். யார் எதைச் சொன்னாலும் ‘அப்படியா, காட்டு பார்க்கலாம்’ என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. இதையே வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், தூக்கம் போதவில்லை, போய்ப் படு என்றிருப்பேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கப் போகிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

சான் ஹோசேயில் நாங்கள் இருக்கும் இடம் ஒரு பழைய குடியிருப்பு. உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களின் குடும்பங்களுக்காக அவசர அவசரமாகக் கட்டிய வீடுகள். ஒரே பிளானை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டில் மாவு ஊற்றிய மாதிரி தெருத் தெருவாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், ஒரு வீட்டில் கராஜ் இடப்பக்கம் என்றால் அடுத்த வீட்டில் வலப்பக்கம். உள்ளேயும் அப்படித்தான், கிச்சன், பாத்ரூம், சுவிட்ச் எல்லாமே பக்கம் மாறியிருக்கும். குடிவந்த புதிதில் நானே யார் வீட்டு டிரைவ்வேயிலோ காரை ஏற்றி நிறுத்திவிட்டு, கராஜ் திறக்கவில்லையே என்று ரிமோட்டைத் திட்டியிருக்கிறேன்.

என் மாமனார் மதுரையிலிருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். அத்தைக்கு முழங்கால் வலி, அவ்வளவு நேரம் பிளேனில் உட்கார முடியாது என்று வரவில்லை. மாமா சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர், வழி தவறுகிற ஆளே இல்லை. தினமும் மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஷூ வாங்கிக் கொடுத்ததற்கு, “எதுக்கும்மா, என் காலு என்ன ஆபீஸுக்கா போகுது?” என்றார்.

அன்று எங்கோ காடு எரிந்து ஊரெல்லாம் புகை. வானம் செம்மண் தண்ணீர் நிறத்தில் இருந்தது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏர் குவாலிட்டி ரொம்ப மோசம் மாமா, இன்னைக்கு வாக்கிங் வேணாம்” என்றேன்.

“முக்கு வரைக்கும் போய்ட்டு வந்துர்றேம்மா.”

மீட்டிங் முடிந்து நான் வெளியே வந்தபோது ஆளைக் காணோம். அவர் போன் சோபாவில் கிடந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், எங்கேயாவது மயங்கி விழுந்திருந்தால்? என் கணவர் பாஸ்கருக்கு போன் பண்ணினேன். “உன்னை நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்?” என்றார். வந்ததே எனக்குக் கோபம்! “தேடுறதா, சண்டை போடுறதா?” என்று கத்திவிட்டு வெளியே ஓடினேன். பார்க், பஸ் ஸ்டாப் எங்கேயும் இல்லை. அத்தைக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்ததும் நடுரோட்டிலேயே அழுகை வந்துவிட்டது.

எங்களுக்குப் பின்தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு என்று போர்டு போட்டுக் காலியாகக் கிடந்தது. எங்கள் வீடு மாதிரியே, ஆனால் கராஜ் அந்தப் பக்கம். அந்த வாசலில் மாமாவின் செருப்பு ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி விடப்பட்டிருந்தது.

ஓடிப்போய் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். வெறும் ஹாலில், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்! கண்ணாடியைத் தட்டினேன், திரும்பவில்லை. கதவு பூட்டியிருந்தது, கைப்பிடியில் ஏஜென்ட் சாவி வைக்கும் பெட்டி தொங்கியது. பின்பக்கம் போனால் தள்ளு கதவுக்கு உள்ளே கட்டை போட்டிருந்தது. போர்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். அந்த ஏஜென்ட் அம்மா வந்து சேர்வதற்குள் பாஸ்கரும் வந்துவிட்டார்.

கதவைத் திறந்ததும் மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, அதுக்குள்ள எப்ப வெளிய போன?”

“மாமா, இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?”

“வாக்கிங் போய்ட்டு வந்தேன். நீதானே கதவத் தொறந்துவிட்ட? காபி குடுத்தியே, என்னைக்கும் இல்லாத அதிசயமா சக்கரை போட்டு.”

பாஸ்கர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த வீட்டில் அடுப்பு கிடையாது, தண்ணீரைக்கூட நிறுத்தியாச்சு என்றாள் ஏஜென்ட். ஆனால் மாமாவைக் கைத்தாங்கலாக எழுப்பும்போது அவர் வாயிலிருந்து காபி மணம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. ஏஜென்ட் வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, எல்லா ஜன்னலும் உள்தாழ் போட்டபடியே இருக்கிறது என்றாள். சாவிப் பெட்டியை யார் திறந்தாலும் அவள் போனில் தெரியுமாம், அந்த வாரம் யாருமே திறக்கவில்லையாம். நாங்கள் ஸாரி சொல்லிவிட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டினோம்.

வீட்டுக்கு வந்து சுகர் பார்த்தால் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை என்றார். ஆனால் மாமாவின் கை சுவிட்சுக்கு எதிர்ப்பக்கச் சுவரைத் தடவும், பாத்ரூமுக்கு என்று எழுந்தால் அலமாரியில் போய் முட்டிக்கொள்வார். “ஷாக், சரியாயிடும்” என்றார் பாஸ்கர். எனக்கு மனசே ஒரு நிலையில் இல்லை. டிக்கெட்டை மாற்றிச் சீக்கிரமே ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

அத்தை முதலில் சிரித்துக்கொண்டேதான் பேசினார். “என்னம்மா, அமெரிக்கா போய்ட்டு வந்து உங்க மாமாவுக்கு எல்லாமே மாறிப்போச்சு! வாட்ச்ச வலது கையில கட்டுறாரு, படுத்தா அந்தப் பக்கமா திரும்பிப் படுக்குறாரு.” நானும் சிரித்தேன். போகப் போக அத்தையிடம் அந்தச் சிரிப்பு இல்லை. மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், “இருக்காரு” என்பதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், அத்தை போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“அன்னைக்கு அந்த வீட்டுல எல்லா ரூமையும் பாத்தீங்களாம்மா?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“எதுக்கு அத்தை கேக்குறீங்க?”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நாங்கள் பார்க்கவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்தார், கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது அந்த வீட்டில் வேறு ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களிடம் போய் என்னவென்று கேட்பது? ஆள்தான் கிடைத்துவிட்டாரே, அதற்குப் பிறகும் யாராவது உள்ளே போய் மற்ற அறைகளில் தேடுவார்களா, நீங்களே சொல்லுங்கள்.