வெல்லமும் கல்தூசும்

ராசப்பன் செல்லமுத்துவின் வலது கையில் கொடுவாளை இறக்கியபோது சுற்றி நின்ற ஒருவரும் தடுக்கவில்லை. மூன்று விரல்கள் மிளகுக்கொடியடியில் விழுந்தன. "செய்வினை வெச்ச கை இதுதானே" என்று கத்தியவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமலோடு ரத்தமும் வந்தது.

செல்லமுத்து அவனுக்குச் சித்தப்பன் மகன். வேலியோரக் கொடி யாருடையது என்று இருவருக்கும் வெகுநாள் பகை. 2002 மழைக்காலத்தில் ராசப்பன் ரத்தம் கக்கத் தொடங்கியதும், "ரத்த உறவுதான் வெச்சிருக்குது" என்று பூசாரி ஒரு சொல்லைப் போட்டுவிட்டார். அதற்குமேல் மலைமேலிருக்கும் எடப்புளி நாட்டு ஊர்களில் யாருக்கு யோசனை வேண்டும்? பீடியைத் தொடாதவனுக்கு நெஞ்சு நோய் வேறெப்படி வரும்?

முள்ளுக்குறிச்சிப் பக்கத்துக் குவாரியில் பாறைக்குத் துளை போட்ட வருடங்களை அவன் நினைத்தே பார்க்கவில்லை. வெடி வெடித்துத் தூசு மண்டும்போதெல்லாம் அதைத்தான் மூச்சாக இழுத்தான். சாயங்காலம் ஒரு உருண்டை வெல்லம் தின்றால் தூசெல்லாம் வயிற்றோடு இறங்கிவிடும் என்பது குவாரிக்காரர்களின் நம்பிக்கை. ராசப்பன் ஒருநாளும் வெல்லத்தைத் தவறவிட்டதில்லை, பாவி.

பங்காளிச் சண்டை என்று ஊர் பேசி அமுக்கிவிட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. சில மாதம் பார்த்துவிட்டு மனைவி கண்ணாயி அவனைச் சேலத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே டாக்டரம்மா அவன் பார்த்த குவாரி வேலையை விசாரித்துவிட்டு, சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"நுரையீரல்ல புத்துநோய்ங்க. கல்தூசு உள்ளே ஒக்காந்தா வெளியே வராது, புண்ணாக்கிக்கிட்டே இருக்கும். புண்ணை ஆத்துறதுக்கு உடம்பு புதுசு புதுசா செல்லு உண்டாக்கும். எப்ப வளரணும், எப்ப நிக்கணும்னு செல்லுக்குச் சொல்றது மரபணு. அது கெட்டு மாறிப்போச்சுன்னா, நில்லுன்னு சொல்ல ஆளில்லை."

"அப்போ செய்வினை இல்லீங்களா?" என்றான் ராசப்பன்.

"இல்லீங்க. தூசுதான்."

கண்ணாயி ஆஸ்பத்திரி வாசலிலேயே அவன் கன்னத்தில் அறைந்தாள். "ஒண்ணும் அறியாதவன் வெரலை வெட்டிப்போட்டயே" என்று அழுதாள். வலித்தது கன்னம் அல்ல. செல்லமுத்துவின் காலில் விழுந்துவிட வேண்டும், அதற்குள் செத்துவிடக் கூடாது என்று பஸ் முழுக்க அவன் தவித்தான்.

அந்தத் தவிப்புக்கு மலையேறவே வேண்டியிருக்கவில்லை. குவாரி அருகே பஸ் நின்றபோது, கல்லைப் பொடியாக்கும் கிரஷரடியில் தலைமுதல் கால்வரை வெள்ளையாகச் செல்லமுத்து நின்றிருந்தான். மரமேறி மிளகு பறிக்க முடியாதவன் கல்பொடி அள்ள வந்துவிட்டான். கையில் வெல்லம்.

ராசப்பன் இறங்கி ஓடி, அந்த வெல்லத்தைத் தட்டிவிட்டான். "இது தூசைக் கழுவாதுடா. என்னைக் கொல்றதே இந்தத் தூசுதான். ஊட்டுக்குப் போ."

செல்லமுத்து மண்வெட்டியைத் தூக்கி அவன் நெஞ்சிலேயே போட்டான். "ஊட்டுக்குப் போய் எந்தக் கையால பொழைக்கிறது?"

ராசப்பன் விழுந்த இடத்திலேயே ரத்தம் துப்பினான். மண்வெட்டி மறுபடி உயர்ந்தது. அவன் தலையை மறைக்கவில்லை. "அடிச்சுக்கோ. நான் பண்ணுனது தப்புதான். மூக்கையாவது கட்டிக்கிட்டு நில்லுடா" என்று தன் துண்டை நீட்டினான்.

செல்லமுத்து மண்வெட்டியைத் தாழ்த்தினான். துண்டை வாங்கவில்லை. கீழே கிடந்த வெல்லத்தை இருக்கிற விரல்களால் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டுக்கொண்டு தூசுக்குள் திரும்பிப் போனான்.