பொணப் படம், ஐந்தாம் பாகம்

ஐந்தாவது பொணப் படத்தைப் போல ஒரு தண்டப் படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிற இங்கிலீஷ் படங்களுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அதுதான் பெயர். அதில் ஒரே கதாநாயகியை வைத்துக்கொண்டு பாகம் பாகமாக இழுத்த ஒரு வரிசை இருந்தது. முதலாவது அருமை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதிலும் நாலாவதிலும் பிணங்களுக்கே களைப்பு வந்துவிட்டது போல இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் யார் நிறுத்தினார்கள்.

முதல் படத்தை நானும் அக்காவும் பார்த்தது தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு. தெமோதரைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு டிவி உள்ள வீடுகள் குறைவு. பண்டிகை வந்தால் நாலைந்து குடும்பம் சேர்ந்து பதுளை டவுனுக்குப் போய் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். இரண்டு தமிழ்ப் படம் ஓடி முடிந்த பிறகு, கடைக்காரன் இனாமாகக் கொடுத்திருந்த கெசட்டைப் போட்டார்கள். முதல் கடியிலேயே பெண்கள் எல்லோரும் "சீ, கருமம்" என்று எழுந்து போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கதாநாயகி ஒரு பனிமலை ஹோட்டலில் அறை கூட்டித் துடைக்கிற வேலைக்காரி. அதுவே எங்களுக்குப் பிடித்துவிட்டது. எந்தப் படத்தில் கூட்டுகிறவளைக் கதாநாயகியாகப் போடுகிறார்கள்? ஹோட்டலுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் பிணமாகிவிட, பனியில் பாதை மூடிக் கிடக்க, இவள் மட்டும் துடைப்பக் கட்டையோடு அறை அறையாக ஓடுவாள். ஒரு வார்த்தையும் எங்களுக்குப் புரியவில்லை. ஆகவே வசனத்தை அக்கா சொன்னாள். "இப்பத்தான் பெருக்கிட்டுப் போறேன், அதுக்குள்ள ரத்தத்தக் கொட்டுறியாடா எடுபட்ட பயலே!" என்று, திரையில் அவள் அடிக்கும்போதெல்லாம் அக்கா கத்த, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியில் அழுக்குத் துணியைக் கீழே தள்ளுகிற சன்னல் வழியாகக் குதித்து அவள் தப்பித்தபோது இருவரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

அப்பா இறந்த அடுத்த வருஷம் அக்கா வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனாள். அம்மா கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் மூன்று வயிறு நிரம்புவதே பெரும்பாடு. நான் ஏ.எல். பரீட்சை வரை படித்தது அக்கா அனுப்பியதில்தான். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் ஒரு அறை இழுத்துச் சுவர் எழுப்பியதும் அதில்தான். பிறகு டிவி வந்தது, சீடி பிளேயர் வந்தது. அக்காவைத் தவிர எல்லாம் வந்தது என்று நான் சொல்வேன், அம்மா திட்டுவாள்.

ஒருவழியாக அவளும் வந்தாள். லயமே திரண்டு வந்து பார்த்தது. "வெயிலே படாம எப்புடி வெளுத்துட்டா பாருங்க" என்று பக்கத்துக் காம்பராப் பெண்கள் அவள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கொழுந்து மலையில் கறுத்துப்போன அவர்களுக்கு அந்த வெளுப்பு ஒரு செல்வம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா சிரித்தாள் என்று சொல்ல முடியாது, பல் தெரிந்தது.

அவளிடம் ஒரு புதுப் பழக்கம் இருந்தது. கதவைச் சாத்த விடமாட்டாள். எங்கள் காம்பராவுக்கு இருந்ததே ஒரு கதவு. மார்கழிக் குளிரில், பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து பாய் வரை ஈரமாகிற நாளிலும் அது திறந்தே கிடக்க வேண்டும். சாத்தினால் எழுந்து போய்த் திறந்துவிட்டு, வாசலுக்கு நேராகவே உட்கார்ந்துகொள்வாள். "சூட்டுல இருந்து பழகிட்டா, குளிரு ஆசையா இருக்கு போல" என்று அம்மா அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். எனக்கு மூக்கு ஒழுகியதுதான் மிச்சம்.

அவள் வந்து சில மாதம் ஆனபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் வந்தார். பக்கத்துத் தோட்டத்து மனிதர்தான், அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார், எங்களுக்கு மாமா முறை. முன்பு வேலை செய்த அதே வீட்டு மேடம் அக்காவைத்தான் திரும்பக் கேட்கிறாள், விசாவே வந்துவிட்டது என்றார். "ராசியான புள்ளைன்னுதானே தேடிக் கூப்புடுறாங்க!" என்று அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முன்னறைக்குக் கூரை போடலாம், அக்காவுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசலாம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அக்கா "ம்" என்றாள். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் வேன் வரும் என்று முடிவானது.

அவளுக்குப் போக விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியில் உடுப்பை அடுக்குவாள், திரும்ப எடுத்துக் கொடியில் போடுவாள். ஏன் என்று தெரியாது. வேண்டாம் என்றால் சொல்ல வேண்டியதுதானே என்று நினைக்கலாம். எங்கள் வீட்டில் 'போகவில்லை' என்ற சொல்லை யார் சொன்னாலும் அடுத்தவர் வாயில் 'அப்ப என்ன பண்றது' என்று வரும். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதனால் முதல் சொல்லையே ஒருவரும் சொல்வதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சீடி வாடகைக்கு விடுகிற கடை இருந்தது. அங்கே கண்ணாடிக்குள் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது, கொஞ்சம் வயசாகியிருந்தாள், கையில் துடைப்பக் கட்டைக்குப் பதில் துப்பாக்கி. ஐந்தாம் பாகம். அக்கா போகிற அன்றைக்கு முதல் நாள் பழையபடி சேர்ந்து சிரிப்போம் என்று ஆசைப்பட்டு எடுத்து வந்தேன்.

மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் போட்டோம். வெளியே மழை, எதிர் லயம்கூடத் தெரியாத மூட்டம். நான் கதவைச் சாத்தினேன், அக்கா திறந்தாள். அம்மா மூலையில் உட்கார்ந்து அக்காவின் புது பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு என்ன பைத்தியம் என்று அவ்வப்போது தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

படம் தொடங்கியதுமே எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. பிணங்களுக்குப் பூசிய மாவு உதிர்கிறது. ஒரு பிணம் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறது. கதாநாயகி இப்போது கடலோரத்தில் வீடு கட்டி, நாய் வளர்த்து, தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருக்கிறாள். சரி, நன்றாக இருக்கட்டும். ஒரு கார் வருகிறது. கோட்டுப் போட்ட ஒருவன் இறங்கி அவளோடு நாலு வார்த்தை பேசுகிறான்.

"வசனம் சொல்லு அக்கா" என்றேன்.

"வேணாம்டி. எனக்கு இப்ப கொஞ்சம் வெளங்குது" என்றாள்.

உண்மைதான், அவளுக்கு அங்கே வேலை செய்ததில் கொஞ்சம் இங்கிலீஷ் வந்திருந்தது. அந்தப் படத்தில் பேசியதும் பாதிக்கு மேல் அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே இருந்தது. கதவைத் திற. கதவை மூடு. உள்ளே போ. வெளியே வராதே. சத்தம் போடாதே. ஒவ்வொன்றுக்கும் அக்கா அடங்கிய குரலில் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தாள். கேலியாக ஒன்றையும் சேர்க்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

கோட்டுப் போட்டவன் பேசி முடித்ததும் கதாநாயகி நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவனோடு காரில் ஏறினாள். அடுத்த காட்சியில் அதே பனிமலை, அதே ஹோட்டல். முதல் பாகத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பி வந்தாளே, அதே வாசல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாயிலிருந்து எழுந்தே விட்டேன். "என்ன கதை இது! தப்பிச்சு வந்தவ எவளாவது திரும்பப் போவாளா? கொஞ்சமாச்சும் மூளை இருந்தா போவாளா? இவளுக்கு நாம கைவேற தட்டுனோம்!"

"போவாடி" என்றாள் அக்கா. டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் போவா?"

"வான்னா போகத்தானே வேணும்."

அப்போது திரையில் கதாநாயகி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, மேசையை இழுத்து முட்டுக்கொடுத்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, மழை பெய்கிறது என்பது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"இவளுக்கு என்னா பயம்? தாழ்ப்பாள் உள்ளதானே இருக்கு. எனக்கு வெளிய இருந்துல்ல பூட்டுனாங்க."

அம்மாவின் கை நின்றது. "யாரு பூட்டுனது?"

"மேடந்தான். எல்லாரும் வெளிய போறப்ப என்னைய வச்சிப் பூட்டிட்டுப் போவாங்க. சில நேரம் ரெண்டு நாள் கழிச்சித்தான் வருவாங்க. சாப்பாடு இருக்கும், அதுக்குக் கொறை சொல்ல மாட்டேன். சன்னலுக்குக் கம்பி. மேல் மாடி."

"எப்பவாச்சுமா?"

"எப்பவும். நான் வாசப்படியத் தாண்டுனதே வர்ற அன்னைக்குத்தாம்மா."

படம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே தொட்டுத் தொட்டு மெச்சிய அந்த வெளுப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெயில் படாத உடம்பு என்று பெருமைப்பட்டோமே, அவளுக்கு வெயிலைக் காட்டவே இல்லை. அந்த மேடம் எதிரே இருந்தால் முடியைப் பிடித்து ஆட்டியிருப்பேன்.

அம்மா ஊசியைப் பிளவுஸில் குத்தி வைத்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, தீ கீ புடிச்சா?"

"அதத்தாம்மா நானும் தெனமும் நெனைப்பேன்" என்றாள் அக்கா.

படத்தைக் கடைசிவரை பார்த்தோம், நிறுத்துவதற்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஹோட்டலுக்குள் அவள் எதைத் தேடிப் போனாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. கடைசியில் அவள் உள்ளே நிற்க, பிணங்கள் சுற்றி வர, ஆறாம் பாகத்துக்கு இடம் விட்டு முடித்துவிட்டார்கள். அம்மா கொக்கியை முழுதாகத் தைத்து முடித்து, பிளவுஸை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அப்படியானால் போகத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வேன் வந்தது. அக்கா குளித்து, அந்தப் பிளவுஸைப் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கையில் பிடித்தபடி உள்ளே நின்றாள். ஏஜென்சிக்காரர் வாசலுக்கு வந்து, "கெளம்புவோமா அக்கா?" என்றார். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"அவ வரல தம்பி."

அவர் சிரித்தார். "என்னக்கா வெளையாடுறீங்க? நேத்து வரைக்கும் நீங்கதானே அவசரப்படுத்துனீங்க?"

"நேத்து காலைல எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

என்ன தெரியாது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். சந்தையில் வெலிமடைக் கரட் கிழங்கைப் புரட்டிப் பார்ப்பது போன்ற ஒரு பார்வை.

"பெரியவளுக்கு முடியலன்னா உடுங்க. சின்னவ நிக்கிறாதானே? வேற வீடு, நல்ல வீடாப் பாத்துத் தர்றேன். வயசக் கூட்டிப் போட்டுக்கலாம்."

அம்மா பதில் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒரு நொடியில் 'சீ போ' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா சொல்லவில்லை. அவள் கண் என் மேல் வந்தது, அங்கிருந்து கூரையில்லாத முன்னறைச் சுவருக்குப் போனது, திரும்ப என் மேல் வந்தது. கதவு திறந்துதான் கிடந்தது, எனக்கு மூச்சு முட்டியது.

அக்கா பெட்டியைக் கீழே போட்டாள். அம்மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் அவர் முன்னால் நின்றாள். வந்ததிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் பெரட்டுக்குப் போனவர்களெல்லாம் திரும்பி நின்றார்கள்.

"வெளிய இருந்து பூட்டிட்டுப் போவாங்க மாமா! உங்களுக்கு மக இருக்காதானே? மொதல்ல அவளக் கொண்டுபோய் வச்சிப் பூட்டுங்க, அதுக்கப்புறம் என் தங்கச்சியப் பாருங்க!"

அவர் ஏதோ முனகிக்கொண்டே வேனில் ஏறினார். வேன் லயத்து வளைவில் திரும்பும் வரை அக்கா அசையவில்லை. பிறகு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"அவன் கேட்டப்ப நீ ஏம்மா யோசிச்ச?" என்று கேட்டாள்.

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா மறுமாதமே கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாள், வருஷக்கணக்காக அம்மாவோடு ஒரே மலையில் நின்று கொழுந்தும் எடுத்தாள், அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை. அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்த இரண்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.