மூன்று பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த பரிமளம்

பரிமளம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கோலசிலாங்கூர் பக்கத்து அசாம் ஜாவாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, ராணுவத்தில் ஒரு டீசல் என்ஜினை வெறுமனே முறைத்துப் பார்த்தே ஓடவைத்த வரலாற்றை நான்கு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவர் மகள். "மாமா, அம்மா போயிட்டாங்க. காலைல கூப்பிட்டேன், எந்திரிக்கல." அவ்வளவுதான். நான் கதையை முடிக்கவில்லை. தட்டிலிருந்த ரொட்டியையும் முடிக்கவில்லை. இவை இரண்டும் என் வாழ்வில் எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்று மாலை புக்கிட் பெலிம்பிங்கில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் பாதி காலி. என்னிடம் படித்த மெக்கானிக்குகள் இந்த வட்டாரத்திலேயே இருபது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள், ஒருவனைக்கூடக் காணவில்லை. தஞ்சோங் காராங்கில் பட்டறை வைத்திருக்கும் குணாவுக்குப் போன் போட்டேன்.

"யாரு சார், நம்ம கோர்ஸுக்கு வேட்டு வெச்ச அம்மாவா? நான் வரல லா. நீங்க போனதே பெருசு."

"சரிடா" என்று வைத்துவிட்டேன். அந்தச் "சரிடா" மூன்று நாளாக என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் வாசல் கேட் வரை போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். என் மனைவி, "ஒண்ணு உட்காருங்க, இல்ல ஓடுங்க" என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். நம் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் படிக்கும் இந்த மலரில் ஒரு பக்கம் கேட்டு வாங்கியது இதற்குத்தான்.

பரிமளம் துப்பாக்கி பிடித்தவர் அல்லர். ராணுவத் தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளியில் பதிவு அறை அதிகாரி. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவரின் மகள். நான் அங்கே டீசல் பிரிவின் ஆசிரியன். என் பாடம் பதினொரு மாதம். நான் மேடையேறிப் பேசினால் பாகான் நக்கோடா ஓமார் மீனவர் ஊரின் கடலடியில் கிடக்கும் படகுகூடக் கரையேறி வந்து "எனக்கும் சர்வீஸ் பண்ணுங்கள்" என்று வரிசையில் நிற்கும். பக்கத்துக் கட்டடத்தில் நான்கு மாதப் பாடம் ஒன்றும் நடந்தது. அதைப் பற்றி நான் பேசுவதே இல்லை. ஏளனமாகச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. கூடுதலாக ஏழு மாதம் ஒருவனை உட்கார வைத்துச் சோறு போட்டுச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதனால் லோரிகள் கூடுதலாக ஓடுகின்றனவா? இல்லையென்றால் நீண்ட பாடத்தை மூடிவிடலாம். விடை காணும் வேலை பரிமளத்திடம் வந்தது. யார் எதைப் படித்தான் என்பது பள்ளியின் கணினியில் இருந்தது. யார் எந்த வண்டியைப் பழுதுபார்த்தான், அது மறுபடி எப்போது நின்றது என்பது பட்டறையின் கணினியில். சம்பந்தி சண்டை போட்ட வீடுகள் போல இரண்டும் பேசிக்கொண்டதே இல்லை. அவர் படைவீரர் எண்ணை வைத்து இரண்டையும் ஒன்றாக்கினார். "எம் பசங்கள எனக்குத் தெரியாதா தங்கச்சி? நம்பர் என்ன சொல்லப்போவுது?" என்றேன். "எத்தனை மார்க்குன்னு நீங்க சொல்லலாம்ணே. ஓடுச்சா இல்லையான்னு லோரிதான் சொல்லணும்" என்றார்.

லோரி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என் காரில்தான் ஊர் திரும்புவோம். பின்சீட்டில் அவர், மடியில் கோப்பு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது சொன்னார்: "உங்க பதினொரு மாசப் பசங்க தொட்ட வண்டிதான்ணே அதிகமா திரும்பி வருது." நான் அந்த இடத்திலேயே மலேசிய ராணுவத்தின் சார்பில் அவர் மீது போர் அறிவித்தேன். இறங்கும்வரை வானொலியை அலறவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் பதிவு அறைப் பக்கம் தும்மக்கூட இல்லை.

அந்த இரண்டு வாரத்தில் மற்றவராக இருந்தால் அறிக்கையை முடித்து அனுப்பியிருப்பார். எண்கள் சுத்தமாக இருந்தன, மேலிடம் எதிர்பார்த்ததும் அதுதான். பரிமளம் பட்டறைக்குப் போய் ஒரு முக்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்தார். கிரீஸ் பட்ட செருப்போடு என் வகுப்புக்கு வந்து, கதவைச் சாத்தினார்.

"அண்ணே, மூணாவதா ஒரு பதிவு இருக்கு. ஸ்டோர்ல கருவி வாங்கறப்ப கையெழுத்துப் போடறது. அதையும் சேர்த்தேன். பட்டறைக் கணக்குல நாலு மாசப் பையன் பேர்ல ஜாப் கார்டு இருக்கு. ஆனா அந்த வேலைக்கு இன்ஜெக்டர் கழட்டற கருவியை வாங்கினது உங்க பையன். ஒண்ணு ரெண்டு இல்லண்ணே, பெரிய வேலை அம்புட்டும் அப்படித்தான்."

அது என் உபதேசம். முதல் நாள் வகுப்பிலேயே கர்ஜிப்பேன்: "சின்னப் பசங்க திணறினா போய் முடிச்சுக் குடு. கார்டுல உன் பேரைப் போடாத. போட்டா அது உதவி இல்ல, விளம்பரம்!" முப்பது தலைகள் ஆடும். அந்தப் பிள்ளைகள் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். முடித்துக்கொடுத்த வேலையெல்லாம் சின்னவர்கள் பெயரில் ஏறியது. யாராலும் ஆகாமல் ஒதுக்கிவைத்த கிழட்டு என்ஜின்கள் மட்டுமே, திரும்பத் திரும்ப நிற்கிற ஜென்மங்கள் மட்டுமே, என் பிள்ளைகள் பெயரில் நின்றன. என் பாடத்தை மூட வந்த கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் நானே.

"யாரு சொல்லிக்குடுத்தா இதை?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பரிமளத்துக்குப் புரிந்துவிட்டது. "அறிக்கையில பேரு போட்டா சின்னப் பசங்க வேலைக்கே உலை. பொய்க் கார்டும்பாங்க. நான் பேரே எழுதல. கருவி யாரு கையில இருந்துச்சோ அவங்க வேலைன்னு கணக்கெடுக்கறேன்" என்றார்.

திரும்ப எண்ணியதில் பெரிய என்ஜின் வேலையில் என் பிள்ளைகள் சிங்கங்கள் என்று தெரிந்தது. நான் மேசையைத் தட்டியதில் பக்கத்து முகாமில் வணக்கம் வைத்தார்கள். ஆனால் அவர் முடிக்கவில்லை. அன்றாடப் பராமரிப்பில் நான்கு மாதப் பிள்ளைகளும் அதே அளவு நன்றாகவே செய்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் முதலில் நான்கு மாதம். ஒரு வருடம் பட்டறையில் இருந்தபின், தேர்ந்தவர்களுக்கு மட்டும் மீதி. என் முப்பது பேர் எட்டுப் பேராவார்கள்.

"அந்தப் பாதியை விட்ருமா" என்றேன். கெஞ்சினேன் என்பதே சரி.

"எனக்குப் புடிச்ச பாதியை மட்டும் எழுதினா அது அறிக்கை இல்லண்ணே, கல்யாணப் பத்திரிகை."

இரண்டு பாதியும் மேலிடத்துக்குப் போயின. பாடம் சிறுத்தது, ஆனால் பிழைத்தது. அந்தப் பட்டறை முக்காலி இல்லையென்றால் மொத்தமாக மூடியிருப்பார்கள். மூடுவதற்கான கடிதம் எழுதித் தயாராக இருந்ததைப் பின்னால் நானே பார்த்தேன். ஆனால் காலியான நாற்காலிகளைப் பார்த்து வகுப்பில் நான் சொன்னது இதுதான்: "பதிவு அறை அம்மா நம்மள வெட்டிட்டாங்கடா." ஒரே ஒரு வாக்கியம். அது பேட்ச் பேட்சாகக் கைமாறி, கொழுத்து, சீருடையைக் கழற்றிய பிறகும் உங்களோடு கோலசிலாங்கூர்வரை வந்து குடியேறிவிட்டது. உலகத்தில் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லும் நான், அதைத் திருத்த ஒரு சொல் சொல்லவில்லை. பரிமளமும் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

போன வருடம் காய்கறிப் பாசாரில் அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த குணா என்னைப் பார்த்துச் சிரித்து, அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். நான் வானிலையைப் பற்றி ஏதோ உளறினேன். பரிமளம் அவன் போன திசையைப் பார்த்து, "குணாதானேண்ணே? கியர்பாக்ஸ்ல கெட்டிக்காரன். அவன் தொட்ட ஒண்ணுகூடத் திரும்பி வரல" என்றார். அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எண்ணை வைத்தே அவனைத் தெரிந்துவைத்திருந்தார். பிறகு பயத்தங்காய்க் கட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "விடுங்கண்ணே. அவங்க லிஸ்ட்ல ஒரு பேரு குறையுது. அதான் தப்பாக் கூட்டறாங்க."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்திருந்தால் அன்றே சொல்லித் தொலைத்திருப்பேன். இப்படிக் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்க மாட்டேன்.

பரிமளத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பேச்சு ஒன்றுதான். குறைந்த பெயர் என்னுடையது. இதோ, எழுதிச் சேர்த்துவிட்டேன். குணா, இப்போது கூட்டிப் பார்.