மெம்பர் வீட்டுக்காரர்

ஓமானில் நாங்கள் தங்கியிருக்கும் சோஹார் லேபர் கேம்ப்பில் குழாய் உடைந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. மறுநாள் டூட்டி முடிந்து வந்தால் புதுக் குழாய் இருக்கும். யார் முடிவெடுத்தார்கள் என்று தெரியாது. வந்த புதிதில் இது சொர்க்கமாகப் பட்டது. என்னைக் கேட்காமலே எல்லாம் நடப்பது இப்போது எரிச்சலாக இருக்கிறது. காரணம் என் மனைவி செல்வி. அவள் எங்கள் ஊராட்சியில் வார்டு மெம்பர்.

தேர்தலில் நிற்கவைத்தவனே நான்தான். அப்பா காலத்தில் ஊராட்சி என்றால் பெரிய வீட்டு ஆட்கள் நாலு பேர் நாற்காலி போட்டுப் பேசி முடிப்பது. மற்றவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்பது. பிறகு ஓட்டு வந்தது, பெண்களுக்குப் பாதி இடம் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்றானதும், சுற்றுவட்டாரத்துக் கணவன்மார் எல்லோரும் போடும் கணக்கைத்தான் நானும் போட்டேன்: பெயர் அவளுடையது, பேச்சு என்னுடையது. மற்றவர்கள் கூட்டத்துக்கே போய் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் போனிலேயே நடத்திவிடலாம் என்று நினைத்தேன், மடையன்.

முதலில் நான் சொன்னபடி கேட்டாள். அப்புறம் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று போனை வைத்துவிடுவாள். தெருவிளக்கு வந்த சேதிகூட அடுத்த வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் சொந்த அக்காவே போனில் என்னை விட்டுவிட்டு மெம்பரை விசாரித்தாள். பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மழுப்ப எனக்கு வராது. ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம், கேம்ப்பில் படிக்கிறவர்களுக்குப் புரியும்.

ஆனாலும் வெளியில் பெருமையடிப்பதை விடவில்லை. ஊர் மஜ்லிஸில், அதாவது சபையில், என் மனைவி இருக்கிறாள் என்று ஓமானி சூப்பர்வைசர் சலீமிடம் அரைகுறை அரபியில் சொன்னேன். அவர் எழுந்து கைகொடுத்தார். இவ்வளவு பெரிய குடும்பத்து ஆள் இங்கே எதற்கு வெயிலில் நிற்கிறாய் என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

லீவில் போனபோது கிராம சபை கூடியது. தண்ணீர்த் தொட்டி எங்கள் தெருவிலா, கீழத் தெருவிலா என்பதுதான் பேச்சு. செல்வி கீழத் தெருவுக்காகப் பேசினாள். குடத்தோடு அதிக தூரம் நடப்பது யார் என்று நிதானமாகக் கேட்டாள். நன்றாகப் பேசினாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருவுக்குக் கை தூக்கச் சொன்னதும் முதல் ஆளாகத் தூக்கினேன். எண்ணிக்கொண்டு வந்த ஊராட்சிச் செயலர் என்னைத் தாண்டிப் போனார். ஏன் என்றேன். உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாதவரை எண்ண முடியாது என்றார்.

செல்வியைப் பார்த்தேன்.

"வீடு வீடா சரிபார்க்க வந்தவங்க, இவரு இங்கயா குடியிருக்காருன்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். வேற என்னங்க சொல்லியிருக்கணும்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அடுத்துக் கீழத் தெருவுக்குக் கைகள் உயர்ந்தன, அவளுடையதும். என் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டேன். அங்கே குடியிருப்பவன் என்று ஓமானில் கொடுத்த ரெசிடென்ட் கார்டு விரலில் பட்டது. செயலர் எண்ணி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.